ஆளுக்கொரு காரணம்

இரும்புலியூர்
7.8.94

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் ஜோதியும் சுகம். தம்மாமில் வெயில் குறைந்ததா? போன கடிதத்தில் உடம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நம் தையல் கடைக்கு மேல் மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். ராஜகோபால் அண்ணன் அங்கே பார் வைக்கப் போகிறாராம். காம்ப்ளெக்ஸில் கடை வாங்கிய எல்லோரும் சம்மதக் கடிதம் தர வேண்டும். நம் கடை உங்கள் பெயரில் இருக்கிறது. என்னிடம் கேட்டார். உங்களுக்கு எழுதிக் கேட்கிறேன் என்றேன்.

“இன்னா தங்கச்சி, மாடிலதான வருது, உன் மெஷின் மேலயா வருது?” என்று சிரித்தார்.

காலனிக்காரர்கள் எதிர்க்கிறார்கள். நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் மனைவி,
லோகநாயகி


தம்மாம்
21.8.94

அன்புள்ள லோகுவுக்கு,

உன் கடிதம் வரும் முன்பே ராஜகோபால் எழுதிவிட்டான். சம்மதம் அனுப்பிவிட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம், எப்படி மறுப்பது?

உனக்கு ஒரு செய்தி. டிசம்பரில் ஒரேயடியாக வந்துவிடுகிறேன். பாரில் மேனேஜராக இருக்கச் சொல்கிறான். வீட்டிலிருந்து நடந்து போகிற வேலை. இனி விமானம் ஏற வேண்டாம்.

நீ நினைப்பது தெரியும். மூன்று வருடமாகத் தொடவில்லை.

ஜோதிக்குக் கலர் பென்சில் வாங்கி வைத்திருக்கிறேன்.

சிட்டிபாபு


இரும்புலியூர்
4.9.94

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஜோதி டிசம்பருக்கு நாள் எண்ணுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காம்ப்ளெக்ஸ் வாசலில் கூட்டம் நடந்தது. சைக்கிள் கடை அப்பாதுரை, “பார் வந்தா நாலு பேரு வருவான், நம்ம கடையும் ஓடும், உங்களுக்கின்னா பேஜாரு?” என்றார். நாகலக்ஷ்மி மாமி விடவில்லை. “நாலு பேர் வருவான், சரி. நாலு பேரும் நேரா நிப்பானா?” எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

காலனி சங்கச் செயலாளர் தோத்தாத்ரி சார் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். ஒரே மனுவில் நூறு கையெழுத்து இருந்தால் கலெக்டர் ஆபீஸில் படிக்க மாட்டார்கள் என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். அவரவர் காரணத்தை அவரவர் கையால் எழுத வேண்டும். பள்ளிக்கூடம், கோயில், பஸ் ஸ்டாப் என்று எழுதினார்கள். மாமி நான்கு பக்கம்.

நானும் எழுதிக் கொடுத்தேன்.

லோகநாயகி


தம்மாம்
25.9.94

லோகநாயகிக்கு,

உன் தாளை ராஜகோபால் எங்கேயோ பிடித்து ஜெராக்ஸ் எடுத்து அனுப்பியிருக்கிறான். ‘டிசம்பரில் என் வீட்டுக்காரர் வருகிறார். நல்ல மனிதர். கண்ணுக்கு எதிரில் வைக்காதீர்கள்.’ உன் எழுத்துதான்.

கீழே அவன் எழுதியிருக்கிறான்: ‘மச்சான், உன்ன குடிகாரன்னு சர்க்காருக்கே எழுதிக் குடுத்துகீது உன் பொண்டாட்டி.’

ரூமில் எட்டுப் பேர். குளியலறையில் நின்று படித்தேன்.

பள்ளிக்கூடம் என்று எழுதியிருக்கலாம். அந்தத் தாளைத் திரும்ப வாங்கிவிடு.

வேலையை நீட்டிப்பதா என்று இங்கே கேட்கிறார்கள். அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் சொல்ல வேண்டும்.

சிட்டிபாபு


இரும்புலியூர்
9.10.94

அன்புள்ள மாமாவுக்கு,

தோத்தாத்ரி சாரும் அதையேதான் சொன்னார். “ஏம்மா, பள்ளிக்கூடம் பக்கத்துல இருக்கே, அதை எழுதேன்.” அது எல்லோருக்கும் இருக்கிற காரணம் சார், இதுதான் என் காரணம் என்றேன்.

தொண்ணூறில் ஜோதியைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போனீர்கள். வழியில் ஒயின் ஷாப். அவள் காத்திருந்துவிட்டு ஜி.எஸ்.டி. ரோட்டைத் தனியாகத் தாண்டி வந்தாள். ஆறு வயது. வந்து, “அப்பாவ காணோம்மா, தொலைஞ்சிட்டாரா?” என்று கேட்டாள்.

அதை நான் எழுதவில்லை.

உங்களைக் கேட்காமல் எழுதியது தப்பு. உங்கள் நண்பர் கையில் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. ஆனால் தாளைத் திரும்ப வாங்க மாட்டேன். உங்கள் மேல் கோபத்தில் எழுதியதல்ல. நீங்கள் வர வேண்டும் என்று எழுதியது.

வேலையை நீட்டிக்க வேண்டாம். கடை இருக்கிறது. வாருங்கள்.

லோகு


தம்மாம்
28.10.94

அன்புள்ள லோகுவுக்கு,

இதனுடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். தோத்தாத்ரி சாரிடம் கொடு. என் சம்மதத்தை ரத்து செய்கிறேன் என்று எழுதியிருக்கிறேன். காரணம்: என் மனைவி எழுதியது உண்மை. ராஜகோபாலுக்கும் ஒரு நகல் போட்டுவிட்டேன். இனி அவன் என்னோடு பேச மாட்டான்.

உன் கடிதம் பதினெட்டாம் தேதிதான் வந்தது. அதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்னும் இரண்டு வருடம். கேட்டுப் பார்த்தால் ரத்து செய்வார்கள் என்று உடனிருப்பவன் சொன்னான். நான் கேட்கவில்லை.

மூன்று வருடமாகத் தொடவில்லை என்று எழுதினேன். இங்கே சவூதியில் கிடைக்காது, லோகு. நீ அந்த மாடியை மூடலாம். தாம்பரம் வரைக்கும் எத்தனை மாடி இருக்கிறது. விமானத்திலிருந்து இறங்கி வீடு வந்து சேர்வேனா என்று எனக்கே தெரியவில்லை.

ஜோதியிடம் லீவு கிடைக்கவில்லை என்று சொல். உன்னிடம் பொய் எழுத வரவில்லை.

சிட்டிபாபு