மேசைமேல் ரயில்வே குவார்ட்டர்ஸ்

என்னங்க,

மேசைமேல் இருக்கும் அட்டை வீடுகளைத் தொடாதீர்கள், பசை காயவில்லை. ஃபேனும் போடாதீர்கள். கோழிக்கறி அடுப்பில், சோறு குக்கரில்.

"குவார்ட்டர்ஸத்தான் இடிச்சுட்டாங்களே லா, இனிமே எதுக்குப் பிள்ளைங்களுக்குக் காட்டுற? ட்வின் டவர் செய்யச் சொல்லு" என்று நேற்று கத்தினீர்கள். ட்வின் டவரை அவர்கள் தினமும் ஜன்னலில் பார்க்கிறார்கள். ரயில்வேயில் வேலை செய்த தங்கள் தாத்தாக்கள் பிரிக்பீல்ட்ஸில் எப்படிப்பட்ட வீட்டில் இருந்தார்கள் என்பதைத்தான் பார்த்ததில்லை. அதனால் பிள்ளைகளுக்கு அட்டை வீடு செய்யச் சொல்லித்தரும் இந்த வகுப்பை நிறுத்த மாட்டேன். மூன்று மணிக்கு ஒன்பது பிள்ளைகளும் இங்கேதான் வருகிறார்கள்.

கோபத்தில் இன்னொன்றும் சொன்னீர்கள்: "அடுப்படி முன்னால இல்ல, பின்னால!" சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். காலையில் பன்னிரண்டு வீட்டையும் பிரித்து, அடுப்படியைப் பின்னால் ஒட்டிவிட்டேன்.

கத்தரிக்கோல் வாங்கப் போகிறேன். இரண்டு மணிக்குள் வந்துவிடுவேன்.

லோகேஸ்

பி.கு: வீட்டு எண்களை எழுதவில்லை. நீங்கள் பிறந்தது எந்த வீடு என்று இருபது வருஷமாகக் கேட்கிறேன், நீங்கள் சொன்னதில்லை. பென்சிலைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

அந்த ஒரு வீட்டை மட்டும், பசை காயாவிட்டாலும், நீங்கள் தொடலாம்.