மூன்று தரம் சொன்னவர்

பதுளை
14.11.1961

இஞ்சாருங்கோ,

கொட்டுற மழைக்குள்ளை பிளேனைப் பத்திரமா இறக்கினதுக்கு உங்களுக்கு மாலை போட்ட படம் பேப்பரிலை வந்தது. உங்களைப் பெத்த ஐயா அதைக் கொண்டு திரிஞ்சு பதுளை முழுக்கக் காட்டுறார். நானும் சிரிச்சுக்கொண்டு நிண்டன்.

பிறகுதான் குணமணியின்ரை கடிதம் வந்தது. உங்களுக்குப் பக்கத்திலை இருந்து பறந்த அவளின்ரை மனிசன், "வழிகாட்டுற ரேடியோ முள் நிலையில்லாமல் ஆடுது, இறங்கவேண்டாம், மேலை எழுப்புங்கோ" எண்டு மூன்று தரம் சொன்னவராம். நீங்கள் "வாயை மூடு" எண்டனீங்களாம். ஓடுபாதை கண்ணிலை பட்டேக்கை பிளேன் சில்லு தென்னை மரத்தை உரசாத குறையாம். பின்னாலை இருபத்தொரு சனம்!

போன கிழமை ஸ்பிரிங்வெளி பஸ்ஸிலை வந்தன். மலையிலை பனிப்புகார் மூடினவுடனை டிரைவர் ரெங்கசாமி பஸ்ஸை நிப்பாட்டிப்போட்டார். பள்ளிக்கூடத்துக்கு நேரம் போகுது எண்டு நான் சத்தம் போட்டன். "ரோடு தெரியலைங்க டீச்சர். தெரிஞ்சாத்தான் போவேன்" எண்டார். அவருக்கு ஆரும் மாலை போடேல்லை.

உங்கடை "வாயை மூடு" எனக்குப் புதிசில்லை. இந்தக் குளிருக்குப் பிள்ளைக்கு முட்டு வந்து மூச்சு இழுக்குது, கொழும்புக்கு உங்களோடை வந்து இருக்கிறம் எண்டு இரண்டு தரம் எழுதினன். இரண்டு தரமும் அந்தப் பதில்தானே வந்தது?

நாளைக் காலமை ரயிலிலை பிள்ளையோடை யாழ்ப்பாணம், என்ரை அம்மா வீட்டை போறன். வீடு பூட்டின திறப்பு உங்கடை ஐயாவிட்டை இருக்கும். மூன்றாம் தரமும் சொல்லிக்கொண்டு பக்கத்திலை இருக்கிறதுக்கு நான் குணமணியின்ரை மனிசன் இல்லை.

பிள்ளையின்ரை அம்மா