குகை ரயிலில் பக்கத்து இருக்கை

மார்ச் 16, திங்கள்

மகள் வளர்ந்துவிட்டாள். மற்ற வீடுகளில் இது நல்ல செய்தி.

தீம் பார்க்கில் குகை ரயில் ஏறுகிற இடத்துக்கு முன்னால் ஒரு மரக் கரடி கையை நீட்டிக்கொண்டு நிற்கும். பிள்ளைகளின் தலை அந்தக் கையில் முட்டினால்தான் உள்ளே விடுவார்கள். போன வருடம் இவள் தலைக்கும் கரடியின் கைக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. அந்தக் கொஞ்ச இடம்தான் என்னைக் காப்பாற்றியது. இன்று காலை கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்று பார்த்துவிட்டு, "அப்பா, இந்தத் தடவை முட்டிடும்" என்றாள். பள்ளி விடுமுறை விட்டதும் போகிறோமாம். முடிவாகிவிட்டது. என்னை யாரும் கேட்கவில்லை.

எனக்குக் கூட்டம் ஆகாது. முன்னால் ஒரு முதுகு, பின்னால் ஒருவர் மூச்சு, இரண்டு பக்கமும் கம்பி என்றால் போச்சு. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், காது அடைக்கும், வெளியே போகிற வழி எங்கே என்று கண் அலையும். இந்த லட்சணத்தில் எனக்கு வேலை ரயில் நிலையத்தில். அறிவிப்பாளன். வழக்கமான ரயில்களுக்குப் பதிவு செய்த குரல் இருக்கிறது. தாமதம், ரத்து, நடைமேடை மாற்றம் இதற்கெல்லாம் நான். நல்ல செய்தி சொல்ல மெஷின், கெட்ட செய்தி சொல்ல நான் என்பாள் மனைவி. மாடியில் கண்ணாடி அறை. கூட்டம் கீழே, நான் மேலே, கதவுக்கு உள்தாழ்ப்பாள். வேறு எந்த வேலையிலும் நான் நிலைத்திருக்க மாட்டேன்.

மார்ச் 18, புதன்

மச்சினன் வந்திருந்தான். மனைவியின் தம்பி, உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியாளர். பயம் என்றால் என்னவென்று தெரியாத ஆள். தெரியாததைப் பற்றி நிறையப் பேசுவான்.

போன வருடம் அதே பார்க்கில் நடந்த படகுக் கதையை இன்றும் நடித்துக் காட்டினான். நானும் மகளும் படகு வரிசையில் நின்று நின்று, எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு குடும்பம் பாக்கி இருந்தபோது நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடிய கதை. ஓடும்போது நான் கம்பிக்குக் கீழே குனிந்ததை அவன் சோபாவுக்குக் கீழே குனிந்து காட்டுகிறான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். என்ன செய்வது.

பிறகு சமையலறையில் மகள் அவள் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது கேட்டது. "குகை ரயில்ல ரெண்டு ரெண்டு பேராத்தான் உக்காரணும். என் பக்கத்துல மாமா உக்காரட்டும்மா. அப்பா வந்தா பாதியில திரும்பணும். அப்பா பையைப் பார்த்துக்கட்டும்."

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. மழை வந்தால் குடை எடுத்துக்கொள்ளலாம் என்பது போலச் சொன்னாள். அதுதான் பொறுக்கவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன்.

பை பார்த்துக்கொள்கிறவனா நான்?

மார்ச் 19, வியாழன்

மகளிடம் சொல்லிவிட்டேன். "உன் பக்கத்துல நான்தான் உக்காருவேன்."

"சரிப்பா" என்றாள், காய்ச்சல்காரனிடம் பேசுகிற குரலில். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாமாவும் வரட்டும். எதுக்கும் இருக்கட்டும்" என்றாள்.

மார்ச் 21, சனி

மனைவியின் வைத்தியம்: "தினமும் ஏதாவது ஒரு வரிசையில போய் நில்லுங்க. பழகிடும்." அவள் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். வாயைத் திறக்க மாட்டேன் என்பவர்களை நாளெல்லாம் பார்த்துப் பழகியவள். என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டாள்.

இன்று மருந்துக் கடை வரிசை. நின்றேன். வியர்த்தது. ஆனாலும் நின்றேன். முன்னால் போனதும் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. கண்ணில் பட்ட இருமல் மிட்டாயைக் காட்டினேன்.

மார்ச் 25, புதன்

வீட்டில் யாருக்கும் இருமல் இல்லை. இருமல் மிட்டாய் மட்டும் டப்பா டப்பாவாக இருக்கிறது.

மார்ச் 27, வெள்ளி

மிட்டாய்க்குப் பயந்து வங்கிக்கு மாறினேன். வங்கியில் எதையும் வாங்க வேண்டியதில்லை. வரிசையில் நின்று, முன்னால் போனதும் "ஒண்ணுமில்லைங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். நேற்று அப்படித்தான் வந்தேன். முந்தாநாளும்.

இன்று காவலாளி வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். "சார், தினம் வர்றீங்க. சுத்திமுத்திப் பாக்குறீங்க. வேர்க்குது உங்களுக்கு. எதுவும் பண்ணாம போறீங்க. என்ன விஷயம்?"

பழகிக்கொள்ள வந்தேன் என்றேன்.

"எதுக்குப் பழகுறீங்க?"

இதற்கு என்ன பதில் சொன்னாலும் வம்புதான் என்று எனக்கே தெரிந்தது. மேலாளர் அறையில் உட்கார வைத்தார்கள். மனைவி பல் மருத்துவமனையிலிருந்து கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்து அழைத்துப் போனாள். வழியெல்லாம் பேசவில்லை. வீட்டு வாசலில் வந்து சிரித்தாள் பாருங்கள், சாவியைப் பூட்டில் போட முடியாத அளவுக்கு.

மார்ச் 28, சனி

மழை. எந்த வரிசையும் இல்லை. நிம்மதி.

ஏப்ரல் 1, புதன்

எனக்கு அடுத்த ஷிப்டுக்கு வருகிற அக்காவிடம் வங்கிக் கதையைச் சொன்னேன். அவளும் அறிவிப்பாளர்தான். சிரித்து முடித்துவிட்டு, "இங்கே இவ்வளவு கூட்டத்தைப் பாக்குறியே, பயமா இருக்கா?" என்று கேட்டாள். இல்லை, மேலே இருக்கிறேன், கையில் மைக் இருக்கிறது என்றேன். "அப்போ அங்கேயும் மைக் இருக்குன்னு நெனச்சுக்கோ. நெஞ்சு அடிச்சா மனசுக்குள்ளயே ஒரு அறிவிப்பு குடு."

வீட்டுக்குப் போகும் பேருந்தில் செய்து பார்த்தேன். மனசுக்குள், பயணிகளின் கனிவான கவனத்திற்கு, இந்த ஆளின் நெஞ்சு சற்றுத் தாமதமாக அடிக்கும் என்று ஒன்று கொடுத்தேன். ஆச்சரியம்தான், கொஞ்சம் அடங்கியது.

ஏப்ரல் 10, வெள்ளி

நாளை. தீம் பார்க்குக்குப் போடுகிற சட்டைப் பையில் இருமல் மிட்டாயை இன்றே எடுத்து வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

நேற்று நடந்ததை நேற்றே எழுதத் தெம்பில்லை.

குகை ரயில் வரிசை நேராகப் போகாது. கம்பிகளுக்கு நடுவில் வளைந்து வளைந்து, போன வழியே திரும்பி வரும். அதனால் அதே முகங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். முதல் வளைவில் மஞ்சள் சட்டைக்காரர் என்னைப் பார்த்தார். அடுத்ததில் தலையாட்டினார். அதற்கடுத்ததில், "இன்னும் இங்கதான் இருக்கீங்களா?" என்று கேட்டார். எங்கே போவேன்? பூப்போட்ட குடைக்கார அம்மா, இரட்டைப் பையன்களை இடுப்பு வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த அப்பா, கைக்குட்டையால் விசிறிக்கொண்ட பெரியவர் எல்லோரும் மனப்பாடமாகிவிட்டார்கள். பயந்தவன் சும்மா இருக்க மாட்டான், சுற்றி இருப்பவர்களையே பார்த்துக்கொண்டிருப்பான்.

மனைவி வெளியே பையோடு உட்கார்ந்திருந்தாள். மகள் என் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள். பாசத்தில் பிடித்த மாதிரி தெரியவில்லை, ஓடிவிடக் கூடாது என்று பிடித்த மாதிரித்தான் இருந்தது. பின்னால் மச்சினன். "அத்தான், முகமெல்லாம் வெளுத்துப் போச்சு. நான் வேணா முன்னால வரட்டா?"

"வேண்டாம்" என்றேன்.

கிட்டே போய்விட்டோம். ரயில் ஏறுகிற மேடையே தெரிந்தது. அப்போது ரயில் நின்றுபோனது.

ஏன் நின்றது, எப்போது கிளம்பும் என்று ஒருவர் சொல்லவில்லை. ஒலிபெருக்கி இருக்கிறது, அதில் ஏதோ குத்துப் பாட்டு ஓடுகிறது. எனக்கு முதலில் வந்தது தொழில் கோபம். ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு? ஜனம் முனகத் தொடங்கியது. பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். யாரோ ஒருவருடைய முழங்கை என் முதுகில். காது அடைத்தது. வெளியே போகிற வழி எங்கே, எங்கே — அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். மைக் கையில் இருக்கிறது. மனசுக்குள் ஆரம்பித்தேன்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. குகை ரயில் இன்னும் சற்று நேரத்தில், இரண்டாவது நடைமேடையிலிருந்து புறப்படும்."

எத்தனையோ வருடமாக நடைமேடை மாற்றம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். கண்ணைத் திறந்தால் கூட்டமே என் பக்கம் திரும்பியிருக்கிறது. மனசுக்குள் சொன்னதாக நினைத்ததை முழுக் குரலில் சொல்லியிருக்கிறேன். அந்தக் குரலை யாரும் கேள்வி கேட்பதில்லை. குடைக்கார அம்மா குடையை மடக்கினாள். அவ்வளவுதான். மொத்த ஜனமும் கம்பிக்கு அடியில் குனிந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, பக்கத்தில் இருந்த இரண்டாவது வாசலுக்கு ஓடியது. அது மூடிக் கிடந்த வாசல். அன்றைக்குத்தான் பச்சை பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள்.

"அப்பா, என்ன பண்ணீங்க?" என்றாள் மகள்.

எங்களைச் சுற்றி ஒரு ஆள் இல்லை. அந்த நேரம் பார்த்து ரயில் சரியாகிவிட்டது. முதல் வாசலில் நின்ற ஊழியப் பெண் எங்களைப் பார்த்து, "ஏறுறவங்க வாங்க" என்றாள்.

"அத்தான், சூப்பர். சத்தம் போடாம ஏறிடலாம்" என்றான் மச்சினன்.

இருக்கை எனக்கு முன்னால். வெறும் இருக்கை, இரண்டு பேருக்கு. இதற்காகத்தானே வங்கியில் மாட்டிக்கொண்டேன், இதற்காகத்தானே அத்தனை இருமல் மிட்டாய். மகள் ரயிலைப் பார்த்தாள். பச்சைக் கையோடு நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. தப்பாக அறிவித்தவன்தான் திருத்தி அறிவிக்க வேண்டும். பக்கத்து ஆள் மைக்கைத் தொட மாட்டான். மேடைப் படியில் ஏறி, அத்தனை பேரையும் பார்த்து நின்றேன்.

"பயணிகளின் கவனத்திற்கு. குகை ரயில் முதலாவது வாசலிலிருந்தே புறப்படும். தவறான அறிவிப்புக்கு வருந்துகிறோம்." பிறகு என் சொந்தக் குரலில், "தப்பு என்னோடதுங்க. நான் இங்க வேலை பாக்கல. பயத்துல வாயில வந்திருச்சு" என்றேன்.

ஓடி வந்தார்கள் பாருங்கள். யார் முன்னால் நின்றது, யார் பின்னால் நின்றது என்று ஒரே சண்டை. எனக்குத்தான் எல்லோரையும் மனப்பாடமாகத் தெரியுமே. "குடைக்கார அம்மா, நீங்க முன்ன. மஞ்சள் சட்டை, நீங்க அவங்களுக்குப் பின்னாடி. ரெட்டைப் பசங்க அப்பா, நீங்க இன்னும் ரெண்டு வளைவு தள்ளி." யாரும் மறுத்துப் பேசவில்லை. எல்லோரையும் நிறுத்தி முடித்ததும், சட்டையில் பச்சைக் கோடு விழுந்த மஞ்சள் சட்டைக்காரர் கேட்டார்: "சரிங்க, நீங்க எங்க நிப்பீங்க?"

எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்தது. கடைசிக்கு நடந்தேன். நாங்கள் நின்ற இடம் மகளுக்கும் மச்சினனுக்கும் அப்படியே இருந்தது. அவர்கள் ஏறட்டும் என்று திரும்பிப் பார்க்காமல் போனேன்.

கடைசியில் போய் நின்றதும் சட்டை நுனி இழுபட்டது. மகள்.

"நீ மாமாகூடப் போகலையா?"

"தனியா விட்டா நீங்க ஓடிடுவீங்க" என்றாள்.

சட்டைப் பையில் இருமல் மிட்டாய் இருந்தது. ஆளுக்கொன்று போட்டுக்கொண்டோம்.

பயம் போகவில்லை. ஆனால் அதைக் கவனிக்க நேரம் கிடைக்கவில்லை. நான் அங்கே வேலை பார்க்கவில்லை என்று சொல்லியும் யாரும் நம்பவில்லை. இன்னும் எவ்வளவு நேரம் ஆகும், கழிப்பறை எங்கே, இது தலை சுற்றுமா என்று வளைவுக்கு வளைவு கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். நடுவில் மச்சினன் குகை ரயிலை விட்டு இறங்கி வந்தான். எங்களைப் பார்த்துக் கையாட்ட முயன்று, பாதியில் வாயைப் பொத்திக்கொண்டு குப்பைத் தொட்டியைத் தேடி ஓடினான். மகள் ரொம்ப நேரம் சிரித்தாள்.

எங்கள் முறை வருவதற்கு முன்னால் பார்க் மூடும் நேரம் வந்துவிட்டது. ஊழியப் பெண் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். "சார், இன்னைக்கு இவ்வளவுதான். மிச்சம் இருக்கவங்களுக்கு வேற நாளுக்கு இலவசமா சீட்டு தருவாங்க. நான் சொன்னா சண்டைக்கு வருவாங்க. நீங்களே சொல்லிடுங்களேன்."

சொன்னேன். ஒருவரும் சண்டை போடவில்லை.

திரும்பி வரும்போது மகள் காரில் தூங்கிவிட்டாள். மனைவி, "எப்படி இருந்துது?" என்று கேட்டாள். ஏறவே இல்லை என்றேன். "அதைக் கேக்கல. எப்படி இருந்துது?"

நாள் முழுக்க நின்றேன் என்றேன்.

ஏப்ரல் 13, திங்கள்

அக்காவிடம் எல்லாம் சொன்னேன். "மனசுக்குள்ளன்னுதானே சொன்னேன்" என்கிறாள்.

ஏப்ரல் 25, சனி

சீட்டை எடுத்துக்கொண்டு மறுபடி போனோம். வரிசை அதே அளவு. நெஞ்சும் அதே அளவு அடித்தது. "அப்பா, மனசுக்குள்ள" என்று மகள் இரண்டு தடவை நினைவுபடுத்தினாள். மரக் கரடியின் கையில் நன்றாகவே முட்டினாள்.

குகைக்குள் ஒரே இருட்டு. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, கண்ணை மூடியிருந்தேன். பக்கத்தில் அவள் கத்தியது மட்டும் கேட்டது. என் விரல்களை நசுக்கிவிட்டாள். இப்போதும் எழுத வலிக்கிறது.

பையை மச்சினன் பார்த்துக்கொண்டான்.