இரண்டு செல்லுக்கு ஒரே பாட்டில்

ஜூன் 12, 1998, வெள்ளி

உடம்பெல்லாம் அசதி, ஆனால் தூக்கம் வரவில்லை. இன்று லேபில் என் சீனியர் மித்தாலி தீதியிடம் (இந்த ஊரில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவள் லேபில் வளர்ப்பது மெதுவாகப் பெருகும் தோல் செல்கள். நான் வளர்ப்பது வேகமாகப் பெருகும் புற்றுநோய் செல்கள். ஒவ்வொன்றுக்கும் ஊட்டக் கரைசல் பாட்டில் தனியாக இருக்க வேண்டும். முதல் நாளே சொல்லித்தருகிற விதி இது. ஏப்ரலில் ஒருநாள் என் பாட்டில் தீர்ந்துபோக, என் செல்களைத் தொட்ட பிப்பெட்டை, அந்த உறிஞ்சு குழாயை, அவள் பாட்டிலில் விட்டு எடுத்தேன். அதோடு மறந்தும் போனேன். இன்று காலை மைக்ராஸ்கோப்பில் அவளுடைய நீள நீளமான செல்களுக்கு நடுவே என்னுடையவை கூட்டம் கூட்டமாக இருந்தன.

“இன்குபேட்டர்ல ஏதாவது கோளாறா?” என்றாள். தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும்.

“இல்ல தீதி, என்னாலதான்.”

அவள் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்தாள். பிறகு திரவ நைட்ரஜன் கேனைத் திறந்து, என் பிப்பெட் படுவதற்கு முன்பே, மார்ச்சில் உறையவைத்த இரண்டு குப்பிகளில் ஒன்றை எடுத்து வெதுவெதுப்பான நீரில் உருக்கினாள். சாயங்காலம் சில செல்கள் தட்டின் அடியில் ஒட்டத் தொடங்கியிருந்தன. அவை பிழைத்துவிடும். அவளுடைய இரண்டு மாத வேலை போனது போனதுதான்.

கரியாஹாட் ஸ்டாப் வரை ஒரே பஸ்ஸில்தான் வந்தோம். ஆளுக்கொரு ஜன்னலோரம்.

வீட்டில் இவர், “வாயை மூடிண்டு இருந்திருந்தா யாருக்குத் தெரியப்போறது?” என்றார். 

கிளம்பும் முன் லேப் நோட்டில் அந்த இரண்டு மாதப் பக்கங்களையெல்லாம் அவளே கோடு போட்டு அடித்திருந்தாள். காரணம் எழுத வேண்டிய இடத்தில் என் பெயர் இல்லை. ‘எங்கள் தவறு’ என்று எழுதியிருந்தாள். அதற்கு என்னை நன்றாகத் திட்டியிருக்கலாம்.