கோட்டய்யாவின் படகு நின்ற இடம்

என் டில்லிக்கண்ணுக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. இந்தக் கடிதத்தை நானே தட்டுத்தடுமாறி எழுதி, நீ இணையத்தில் கதை போட்டுவந்த அதே பக்கத்தில்தான் போடப்போகிறேன். உன் வாசகர்கள் படிப்பார்கள், படிக்கட்டும். "அடுத்த அத்தியாயம் எப்போது மேடம்?" என்று தினம் ஒருவராவது கேட்கிறார்கள். பெண் பெயரில் எழுதிய அந்த மேடம், மீசை வைத்த ஓர் இரும்புக் குழாய் கம்பெனி லேப் ஆள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கும்மிடிப்பூண்டியில் நம் அறையை நான் காலி செய்யவில்லை. எனக்கு இப்போது காலை ஷிப்ட். கிரேன் கேபினில் ஏறி உட்கார்ந்தால் கீழே உன் லேப் ஜன்னல் தெரிகிறது. உன் நாற்காலிக்கு இன்னும் ஆள் போடவில்லை. ஆனால் அது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பக்கமாகத் திரும்பியிருக்கிறது. பெருக்குகிற அம்மா நகர்த்துகிறார், எனக்குத் தெரியும். தெரிந்தும் தினம் பார்க்கிறேன்.

நீ இருந்தவரை உன் கதையில் ஒரு வரிகூட நான் படித்ததில்லை. பத்தாவதோடு நின்றவன் நான். நீயே வாயால் சொல்வாய், நான் கேட்பேன். லீவு நாளெல்லாம் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய்ப் பழைய காகிதங்களைப் புரட்டிவிட்டு, தும்மிக்கொண்டே திரும்பி வருவாய்.

"அங்க இன்னாடா தேடற?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நம்மள மாதிரி ஆளுங்கள."

"கெடச்சாங்களா?"

"கேஸ் கட்டுல கெடப்பாங்க. அடி வாங்கினவன், ஜெயிலுக்குப் போனவன். சந்தோஷமா இருந்தவனப் பத்தி எவன் எய்தி வெப்பான்? அத்த நான் எய்தறேன்."

அப்படித்தான் நூற்று முப்பது வருஷத்துக்கு முந்தைய மதராஸை நீ எழுத ஆரம்பித்தாய். நாடகக் கொட்டகையில் மங்களம் பாடி முடித்ததும், கூட்டம் வீட்டுக்குப் போக, சில ஆண்கள் மட்டும் போகமாட்டார்கள். ஒரு துரை வீட்டு பட்லர், ஒரு பூக்காரன், கண் மை கலைக்காத பெண்வேஷக்காரன், சுங்கக் கச்சேரியில் குமாஸ்தாவாக இருக்கும் திருவள்ளூர் ஐயங்கார் வீட்டுப் பிள்ளை வரதன். இவர்கள் இருட்டில் நடந்து பேசின் பிரிட்ஜ் பக்கம் கால்வாய்க் கரைக்கு வருவார்கள். பகலில் சுண்ணாம்புக் கிளிஞ்சல் ஏற்றும் படகு அங்கே கட்டியிருக்கும். பழவேற்காட்டுக் கோட்டய்யா கோல் ஊன்றிப் படகைத் தள்ளுவான். வெளிச்சம் கரைக்குத் தெரியாமலிருக்க விளக்கின்மேல் ஈரத்துணி போட்டிருக்கும். வெற்றிலை, சாராயம், ஒரு ஆர்மோனியப் பெட்டி. எண்ணூர்ப் பக்கமாகக் கொஞ்ச தூரம் போய் விடிவதற்குள் திரும்பிவிடுவார்கள். அந்த நாலு மணி நேரம் யாரும் யாருக்கும் பயப்பட வேண்டாம்.

"நெஜமா இப்படி ஒரு படகு இருந்துச்சா?" என்றேன்.

"இருந்திருக்கும். இல்லன்னா நாம எங்கேர்ந்து வந்தோம்?" என்றாய்.

ஆடி மாதம் பதினேழாம் அத்தியாயத்தைப் போட்டாய். அதற்குப் பிறகு எழுதவில்லை. கேட்டால், "கை வரல" என்றாய். ஐப்பசியில் உன் கண் மஞ்சளானது. உன் அப்பா வந்து, நாட்டு வைத்தியம் பார்க்கலாம் என்று ஊத்துக்கோட்டைப் பக்கம் உன் கிராமத்துக்கு அழைத்துப் போனார். பஸ் ஜன்னலில் நீ என்னைப் பார்க்கவில்லை. உன் அப்பா பக்கத்தில் இருந்ததாலா, இல்லை பார்க்கத் தெம்பில்லையா? இன்றுவரை தெரியவில்லை.

கார்த்திகையில் லேப் ஆட்கள் சொல்லித்தான் நீ போய்விட்ட சேதி தெரிந்தது. தூறிக்கொண்டிருந்தது. உன் வீட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் நின்றேன். உள்ளே வர எனக்கு என்ன பாத்தியதை? அப்போது ஒரு பெண் அழுத முகத்தோடு வேகமாக வந்தாள். ஒரு கறுப்புக் குடையை என் கையில் கொடுத்து, "இத்தக் கொஞ்சம் புடிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். உன் தங்கை கல்பனா என்று பிறகுதான் தெரிந்தது. உன்னைத் தூக்கினார்கள். தெரு காலியானது. குடையை வாங்க யாரும் வரவில்லை. அதில் ஒரு கம்பி ஒடிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழேயே வெகுநேரம் நின்றேன்.

பதினாறாம் நாள் கழிந்து, அறையில் தனியாக உட்கார்ந்து உன் கதையை முதல் அத்தியாயத்திலிருந்து படித்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்க ஒரு வாரம் ஆனது. கோட்டய்யா பேசுவது என் பேச்சு, அவன் சிரிப்பும் என் சிரிப்பு. அதைப் படித்து வெட்கப்பட்டேன், சந்தோஷப்பட்டேன். நீ எனக்கு வாயால் சொல்லாத பதினேழாவதுக்கு வந்தேன்.

கோட்டய்யா உயிராக நினைத்த வரதன் காய்ச்சலில் சாகிறான். கோட்டய்யா ரயிலேறித் திருவள்ளூர் வருகிறான். வரதன் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் நிற்கிறான், மழை தூறுகிறது. வரதனின் தங்கை அழுத முகத்தோடு ஓடி வந்து ஒரு கறுப்புக் குடையை அவன் கையில் கொடுத்து, கொஞ்சம் பிடிக்கச் சொல்கிறாள். பிணம் போகிறது. குடையில் ஒரு கம்பி ஒடிந்திருக்கிறது.

போனைக் கவிழ்த்து வைத்தேன். நல்ல மத்தியான வெயில். வெளியே பால் வண்டிக்காரன் ஹவுஸ் ஓனரோடு பேசிக்கொண்டிருந்தான். மூலையில் சாத்தியிருந்த குடையை எடுத்து, ஒடிந்த கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். டில்லி, நாலு மாதம் முன்னாலேயே இதை எப்படி எழுதினாய்? உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் "கை வரல" என்றாயா?

கதைக்குக் கீழே வாசகர்கள் எழுதும் இடத்தில் நானும் எழுதினேன். ஒரே வரி: "இந்தக் குடை என்னிடம் இருக்கிறது." இரண்டு நாள் கழித்து யாரோ எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்பியிருந்தார்கள்: "புளிய மரத்தடியில நின்னது நீங்கதானே?"

உன் தங்கைதான். அவள் ஒரு வருஷமாக இந்தக் கதையைப் படித்துவந்தாளாம், அண்ணன் எழுதுவது என்று தெரியாமலேயே. நீ போன பிறகு உன் போனைத் திறந்தபோதுதான் தெரிந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பார்ப்பது என்று முடிவானது. என் அறைக்கு அவள் வந்தால் ஊர் பேசும். உன் வீட்டுக்கு நான் வந்தாலும் பேசும். வள்ளூர்ப் பக்கம் கால்வாய்க் கரைக்கு வரச்சொன்னேன். நீ என்னை அடிக்கடி அழைத்துப் போய்க் காட்டும் இடம்தான். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி தலைக்குமேல் நிற்க, கீழே தண்ணீர் அசையாமல் கறுப்பாகக் கிடந்தது. மார்கழி மழையின் சேறு இன்னும் காயவில்லை. நான் முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தேன். கரைமேல் தூரத்தில் அவள் வருவது தெரிந்தது.

வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "குடைய நீங்க கேக்காம நான் ஏன் குடுத்தேன்?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"கதையில படிச்சது மனசுல இருந்திருக்குமோ? அதான் கை தானா குடுத்துச்சோ?"

"இருக்கலாம்."

"அப்ப அந்தக் கம்பி? அது எங்க ஊட்டுக் குடையே இல்ல. யாரோ வெச்சிட்டுப் போனது."

அவள் பையிலிருந்து உன் போனை எடுத்தாள். "பதினெட்டாவது பாதியில கீது. எனக்குப் பயம். இதுவரைக்கும் தொறக்கல. நீங்க கூட இருந்தா பாக்கறேன்."

சேர்ந்து பார்த்தோம். பாதிகூட இல்லை, நாலு வரிதான்.

"கோட்டய்யா படகைக் கரையோரம் கட்டினான். கரைமேல் ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். செருப்பு அவள் காலில் இல்லை, கையில் இருந்தது. அருகில் வந்து அவள் கேட்டாள்:"

அவ்வளவுதான். அதற்குமேல் வெள்ளை.

நான் கல்பனாவின் கையைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். சேற்றுக்காகக் கழற்றிய செருப்பு இன்னும் அவள் இடது கையிலேயே இருந்தது. மெதுவாகக் கீழே வைத்தாள். உடனே என்ன நினைத்தாளோ, திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"அவ இன்னா கேட்டான்னு எய்தாமலே பூட்டானே," என்றாள். "சரி, நானே கேக்கறேன். எங்கண்ணனுக்கு நீங்க இன்னா வேணும்?" என்றாள்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவள் வற்புறுத்தவில்லை. "சொல்லத் தோணும்போது சொல்லுங்க. நான் எங்கயும் ஓடிடல," என்று சொல்லிப் பையிலிருந்து முறுக்கு எடுத்துக் கொடுத்தாள். உன்னைப் போலவே பாதியை உடைத்துத் தன்னிடம் வைத்துக்கொண்டு மீதியை நீட்டினாள்.

தை பிறந்ததிலிருந்து ஞாயிறுதோறும் அங்கேதான் சந்திக்கிறோம். நான் சொல்லச்சொல்ல அவள் எழுதுகிறாள். கோட்டய்யாவின் மனசு எனக்குத் தெரியும், எழுத்து அவளுக்குத் தெரியும். வரதன் இல்லாத படகில் மற்றவர்கள் எப்படி வாய் மூடி உட்கார்ந்திருந்தார்கள், பெண்வேஷக்காரன் அன்றைக்கு ஏன் மை பூசவில்லை என்றெல்லாம் எழுதினோம். இன்னும் எதையும் வெளியே போடவில்லை.

போடாததற்குக் காரணம் இருக்கிறது. மாசி மாதம், கயிறு அறுத்துக் கோட்டய்யாவின் உள்ளங்கை கிழிந்தது என்று எழுதினோம். கதைக்கு அது தேவைகூட இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். அடுத்த செவ்வாய்க்கிழமை கம்பெனியில் சங்கிலி மாட்டும்போது என் கவனக்குறைவால் உள்ளங்கை கிழிந்தது. ஆறு தையல். ஞாயிறன்று கைக்கட்டோடு போய் நின்றேன். கல்பனா எழுதியதையும் என் கட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இனிமே இத்த எய்த வேணாம்," என்றேன்.

"எய்தணும்," என்றாள்.

"பேஜாராப் பூடும்மா. அடுத்து யாருக்கு இன்னா ஆவும்னு தெரியல."

"அதுக்குத்தான் சொல்றேன். எய்தினா நடக்குதுன்னா, அவன வர வையுங்க. வரதன் வந்து படகுல ஏறினான்னு ஒரு வரி. அவ்வளவுதானே?"

மூன்று வாரமாக அந்த ஒரு வரியைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன். நீ எப்படி வருவாய், டில்லி? மஞ்சள் பூத்த அந்தக் கண்ணோடா? பஸ் ஜன்னலில் திரும்பாத அந்த முகத்தோடா? வந்தால் இருப்பாயா, விடிவதற்குள் திரும்ப வேண்டுமா? ஒருவேளை வர உனக்கு இஷ்டமே இல்லாமல் என் ஒரு வரிக்காக எழுப்பிவிட்டேனென்றால் என்னை மன்னிப்பாயா? பகல் வெளிச்சத்தில், பாத்திரம் கழுவும்போது, இதையெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். சிலசமயம் குழாயை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறேன்.

நேற்றுத்தான் ஒன்று புரிந்தது. நீ இருந்தபோதும் எனக்கு இதே பயம்தான். ஷிப்ட் முடிந்து வருவாயா, ஊரில் பெண் பார்த்துவிட்டார்களா, இன்றைக்குச் சிரிப்பாயா, பேசாமல் படுப்பாயா. எது வந்தாலும் கதவைத் திறந்தேன், இல்லையா? எந்த முகத்தோடு வந்தாலும் அது என் வீட்டு முகம்தானே?

அதனால் சொல்கிறேன். வருகிற ஞாயிறு அந்த வரியைச் சொல்லப்போகிறேன். கல்பனா எழுதுவாள். விளக்கின்மேல் ஈரத்துணி போடமாட்டேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும். படகில் வரதன் உட்காரும் முன்பலகையைத் துடைத்துக் காயவைத்திருப்பேன். நீ ஏறும்வரை கோட்டய்யா கோலை ஊன்ற மாட்டான். நீ வராவிட்டாலும் அந்தப் பலகையில் வேறு யாரையும் உட்காரவிட மாட்டேன். இது சத்தியம்.

உன் தங்கை கேட்டதற்கான பதிலையும் அன்றைக்குத்தான் சொல்லப்போகிறேன். உனக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் ஊட்டுக்காரன்
ஏழுமலை