அடித்த வரி

ஜூன் 3

அன்புள்ள குள்ளனுக்கு,

தலை நரைத்தாலும் நீ எனக்குக் குள்ளன்தான், கோபித்துக்கொள்ளாதே. நான் மூன்று கடிதம் போட்டால் நீ ஒன்று போடுகிறாய், அதுவும் கால் பக்கம்.

திரைக்கதை எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு திரைப்பட விழா நடத்துகிறார்கள். மூன்று நாள். பகலில் கருத்தரங்கு, மாலையில் படம். இயக்குநர்களும் நடிகர்களும் கீழே உட்காருவார்கள், எழுதினவர்கள் மேடையில். இருபத்தாறு வருஷமாக எனக்குத் தூணுக்குப் பின்னால்தான் நாற்காலி போட்டிருக்கிறார்கள். இந்த வருஷம், நம் அம்மாவின் கடைசி நாட்களை வைத்து நான் எழுதின படத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். திரைக்கதையைப் புத்தகமாக அச்சடித்து வருகிறவர்கள் எல்லோருக்கும் கொடுப்பார்களாம். கடைசிக் காட்சியை இரண்டு நடிகர்கள் மேடையில் வாசிப்பார்களாம்.

என் கையெழுத்துப் பிரதியைப் பார்க்க வந்த விழாச் செயலாளர், "அடிச்சதெல்லாம்கூடப் படிக்க முடியுதே, மேடம்" என்று சிரித்தார். உனக்குத்தான் தெரியுமே, நான் தாளை மாற்றுவதில்லை. மெல்லிசாக ஒரு கோடு போட்டு, மாற்றத்தை மேலே எழுதுவேன். அடித்த வரி நாளைக்கே தேவைப்படும்.

நீ, உன் மனைவி, உன் பெண் வாலு மூன்று பேரும் முன்வரிசையில் இருக்க வேண்டும். சாக்குப்போக்குச் சொல்லாதே.

உன் அக்கா

ஜூன் 11

அக்காவுக்கு,

ஒருவழியாகத் தூணை விட்டு வெளியே வந்துவிட்டாய். விஷயத்தைச் சொன்னதும் வாலு கட்டிலில் ஏறிக் குதித்தாள். பத்து வயசுப் பெண் குதிக்கிற குதியா அது! அவளும் அவள் அம்மாவும் கட்டாயம் வருவார்கள். நான் வர முடியாது. மாமனார் பக்கவாதத்தில் படுத்து ஏழு மாதமாகிறது. எனக்கு மாலை ஷிப்ட் என்பதால் பகலெல்லாம் அவரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அந்த மூன்று நாளும் மாலையிலும் அவரோடு இருக்க விடுப்புச் சொல்லிவிட்டேன்.

போனில் பேசினால் எல்லோர் காதிலும் விழும், அதனால் எழுதுகிறேன். படத்தில் அம்மாவைத் தனியாக விட்டுப் போகிறவள் நர்ஸ். நீ முதலில் எழுதினதில் அது மகன். நான் உன்னிடம் மட்டும் சொன்னதை அப்படியே எழுதியிருந்தாய். அம்மாவின் ஆக்ஸிஜன் சிலிண்டரில் முள் சிவப்புக்கு வந்துவிட்டது, மாற்று சிலிண்டர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான் அதைப் பார்த்தேன். கதவைச் சாத்திக்கொண்டு போய்ப் பூங்காவில் நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது அம்மா போய்விட்டிருந்தாள். பதினொரு மாதமாகச் சரியாகத் தூங்காதவன் என்று நீ எனக்காக வாதாடலாம். ஆனால் அது தூக்கம் இல்லை, அக்கா. போதும் என்று தோன்றிவிட்டது.

என் மனைவி அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்கிறாளாம்: "அவங்க அம்மாவை அவர் பார்த்துக்கிட்ட மாதிரி யாரும் பார்த்துக்க முடியாது." அந்த நம்பிக்கையில்தான் தன் அப்பாவை என் கையில் விட்டுவிட்டுக் காலையில் கிளம்புகிறாள். அன்றைக்குக் கேட்டதைத் தவிர உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. அந்தப் பக்கம் மட்டும் வெளியே வரக் கூடாது.

தம்பி

ஜூன் 18

என் கண்ணே,

அநியாயத்துக்குப் பயப்படுகிறாய். நீ அன்றைக்கு அழுதுகொண்டு கேட்டதும் மறுநாளே மாற்றிவிட்டேன். மகன் என்று இருந்த இடமெல்லாம் நர்ஸ். நேற்றுப் பிரதியைக் கொடுத்தபோதும் கடைசியாக நிற்கிற வரிகளைத்தான் அச்சுக்கோக்க வேண்டும் என்று செயலாளரிடம் சொன்னேன். அவரும் தலையாட்டினார். அச்சில் ஏறினால் அடித்தது ஏது, திருத்தியது ஏது?

நிம்மதியாக மாமாவைப் பார்த்துக்கொள். ரயிலடிக்கு நானே போய் இருவரையும் அழைத்துக்கொள்கிறேன்.

அக்கா

ஜூலை 9

தம்பிக்கு,

இதற்குள் அவர்கள் வீட்டுக்கு வந்திருப்பார்கள். என்ன நடந்தது என்று நானும் சொல்லிவிடுகிறேன்.

புத்தகத்தை விழா அன்று காலையில்தான் கையில் கொடுத்தார்கள். அடித்த வரிகளையும் வெளிறிய மையில் அச்சடித்திருந்தார்கள். எழுதுகிறவர் எங்கே தயங்கினார் என்று காட்டுவதுதான் இந்த விழாவின் வழக்கமாம். செயலாளர் அதைப் பெருமையாகச் சொன்னார். உன் மனைவி அதற்குள் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள், வாலு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மேடையில் நடிகர் நர்ஸின் வரியை வாசித்துவிட்டு, அடித்திருந்ததையும் வாசித்தார். "முள்ளு சிவப்புக்கு வந்துடுச்சு. பார்த்தேன். பார்த்துட்டுத்தான் கதவைச் சாத்துனேன்." ஓரத்தில் நான் எழுதி வைத்திருந்த குறிப்பையும் விடவில்லை: 'தம்பி சொன்னது. ஒரு வார்த்தை மாற்றாதே.'

நான் அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன். புத்தகம் காலையிலிருந்தே என் கையில் இருந்தது. எழுந்து நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அரங்கமே மூச்சுவிடாமல் கேட்டது, நான் எழுதின எதையும் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கைதட்டல் அடங்க நேரமானது. உன் மனைவியின் கைகள் மடியிலேயே இருந்தன.

வெளியே வந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள். "தெரிஞ்சேதான் போனாரா, அண்ணி?" கதைதானே என்றேன். அவள் புத்தகத்தைத் திறந்து ஓரக் குறிப்பின் மேல் விரலை வைத்தாள்.

என்னைத் திட்டி எழுது, நான்கு பக்கத்துக்கு எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அக்கா

ஜூலை 22

அக்காவுக்கு,

அவள் சண்டை போடவில்லை. வந்து குளித்தாள், சமைத்தாள், எல்லோருக்கும் பரிமாறினாள். மறுநாள் அலுவலகத்துக்கு ஒரு மாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டாள். கட்டிலைத் தன் அப்பாவின் அறைக்கு மாற்றிக்கொண்டாள். மாத்திரை டப்பா அவள் தலைமாட்டில் இருக்கிறது. வெளியே போக வேண்டியிருந்தால் பக்கத்து வீட்டு டீச்சரைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறாள். நான் அதே வீட்டில், கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஏழு மாதம் அந்த மனிதருக்கு ஒருவேளை மருந்துகூடத் தவறவிட்டதில்லை. அம்மாவுக்குச் செய்யாததையும் சேர்த்து அவருக்குச் செய்தேன். அதை இனி யாரிடம் போய்ச் சொல்வது?

நேற்று அவள் குளிக்கப் போயிருந்தபோது மாமா கை நீட்டி என்னைக் கூப்பிட்டார். அவருக்குச் சவரம் செய்து விடுவது நான்தான், தாடி வளர்ந்துவிட்டது. கத்தியும் கிண்ணமுமாக அறைக்குள் போனேன். வாலு எழுந்து வந்து கட்டிலுக்கும் எனக்கும் நடுவில் நின்றாள். "அம்மா வரட்டும்பா," என்றாள். கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

திட்டி எழுதச் சொன்னாய். எனக்குத் திட்ட வரவில்லை. உண்மையைத்தான் எழுதியிருந்தாய். இதற்குக் கீழே உனக்காக ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே. உன்னைப் போல மெல்லிசாகக் கோடு போடவில்லை, தாள் கிழிகிற வரைக்கும் அடித்திருக்கிறேன்.

இனி இந்த விலாசத்துக்கு எழுத வேண்டாம்.

தம்பி