தொப்பியைத் தூக்கிய மனிதர்

வேல்ஸ்,
செப்டம்பர் 14

அன்புள்ள அமீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் ஜுவேரியாவும் இங்கே நலம். கச்சேரி ரோட்டில் உன் தம்பி வீட்டில் நீயும் மற்றவர்களும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். போன் செய்தால் எடுத்த கையோடு குலாம் ரசூலிடம் கொடுத்துவிடுகிறாய். அவனும் "அக்கா நல்லாத்தான் கீது மச்சான்" என்று சொல்லி வைத்துவிடுகிறான். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ நம் தி.நகர் வீட்டை விட்டுப் போய் நாலு மாதம் ஆகிறது. மகளுக்கு நேற்று வரை தெரியாது. அம்மா ஏன் வரவில்லை என்று கேட்டாள். விமானம் ஏறப் பயம் என்று சொல்லி வைத்திருந்தேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை.

அவள் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்க நான் தனி. ரங்கநாதன் தெருவில் லைனிங் துணி விற்க முப்பது வருஷம் கூவிய தொண்டை இது. இங்கே ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை வெளியே வந்தால் அதிகம். கடைக்குப் போனால் எதை எடுத்தாலும் தேங்க்யூ, அவ்வளவுதான். உன்னிடம் சண்டை போடக்கூட ஏங்கிப் போயிருக்கிறேன்.

நேற்று அவளுக்கு லீவு. பக்கத்துக் கிராமத்தில் ஆட்டுநாய்ப் போட்டி என்று கூட்டிப் போனாள். நாய்க்கிட்டே போனீங்களா என்று முகம் சுளிக்காதே, வேலிக்கு இந்தப் பக்கம் மடக்கு நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். மலைச்சரிவின் உச்சியில் ஐந்து ஆடுகளை விடுகிறார்கள். நாய்க்காரர் கீழே ஒரு கம்பத்தடியில் நிற்கிறார். நாய் மட்டும் ஓடிப்போய் ஆடுகளை வளைத்து, நட்டிருக்கும் தட்டிகளுக்கு நடுவே ஓட்டி வரவேண்டும். அவர் இடத்தை விட்டு நகரக் கூடாது. இப்படி வா, அப்படிப் போ, நில் எல்லாம் விசில்தான். நடுவர் காருக்குள் உட்கார்ந்து மார்க் போடுகிறார். இருநூறு பேர் இருந்தும் யாரும் குரல் உயர்த்தவில்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

மதியத்துக்கு மேல் ஒரு கிழவர் வந்தார், என் வயதுதான் இருக்கும். அவர் நாய் நன்றாக ஓடி ஆடுகளைப் பிடித்தது. திருப்ப வேண்டிய இடத்தில் அவர் விசில் கொடுத்தார். அது திரும்பவில்லை. மறுபடியும் கொடுத்தார், இன்னும் பலமாக. ஆடுகள் தட்டியைத் தாண்டி ஒரு மூலைக்குப் போய்விட்டன, நாயும் பின்னாலேயே போய் நின்றது. அவர் விசிலைப் பையில் போட்டுவிட்டு, நடுவரைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். போட்டியிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்பதற்கு அப்படிச் செய்வார்களாம்.

பிறகு கம்பை ஊன்றிக்கொண்டு மேட்டில் ஏறினார். ரொம்ப தூரம். செம அடி விழப்போகிறது என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் போன பிறகும் அது திரும்பிப் பார்க்கவில்லை. அவர் ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். அப்புறம் சுற்றிப் போய், அதன் கண்ணெதிரே மண்டி போட்டு உட்கார்ந்தார். அவரைக் கண்டதும்தான் அது வாலாட்டியது. கூட்டம் கை தட்டியது. நாய்க்குக் காது போய்விட்டதாம். குளிர்காலம் முழுக்கச் சொன்ன பேச்சு கேட்கவில்லை என்று அதைத் திட்டிக்கொண்டே இருந்தாராம், அந்த நிமிஷம்தான் அவருக்கே புரிந்ததாம். அவர் கீழே வந்து சொன்னதைப் பக்கத்திலிருந்த ஒரு அம்மா கேட்டுச் சொல்ல, ஜுவேரியா எனக்குத் தமிழில் சொன்னாள்.

அதற்கு மேல் நான் போட்டியைப் பார்க்கவில்லை. குக்கர் எட்டு விசில் அடித்து நீ அடுப்பை அணைக்காததும், காலிங் பெல்லை அழுத்தி அழுத்தி நான் மாடிப்படியில் நின்று கத்தியதும் ஒவ்வொன்றாக வந்தது. சாப்பிட்டாயா என்று மகள் போனில் கேட்டால் நீ சரிம்மா என்பாய், நாங்கள் சிரிப்போம். கடைசியில் அந்த நிக்காஹ் மண்டபம். சாவி கேட்டு நான் கூப்பிட்டேன், நீ திரும்பவில்லை. அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் "காது இன்னா அவிஞ்சா போச்சு" என்று கத்தினேன். அது உன் காதில் விழுந்திருக்காது. சுற்றி இருந்தவர்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பாய். அங்கிருந்தே தம்பியோடு போய்விட்டாய்.

உன்னை நாயோடு சேர்த்துப் பேசுகிறேன் என்று கோபிக்காதே. அந்தக் கிழவரோடு என்னைத்தான் சேர்த்துப் பார்த்தேன், கால் தூசுக்குப் பெற மாட்டேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று எழுதப்போனேன். இந்த வாய்க்குப் பயந்துதான் நீ சொல்லவில்லை. தப்பு என்னுடையது, அமீனா. மகளிடம் ராத்திரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அழுதாள், என்னோடு சரியாகப் பேசவும் இல்லை.

அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து கச்சேரி ரோட்டுக்கு வருவேன். நீ சம்மதித்தால் காது டாக்டரிடம் போவோம். என்னோடு வீட்டுக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம், வற்புறுத்த மாட்டேன். அல்லாஹ் உனக்கு எல்லா சுகத்தையும் தரட்டும்.

கீழே நின்று கூப்பிட மாட்டேன். மாடி ஏறி உன் எதிரே வந்து நிற்கிறேன். அந்த நேரத்துக்கு நீ வாசலைப் பார்த்து உட்கார்ந்திரு, அது போதும்.

உன்
சர்தார்